சிக்னல் பட்டை நிறைந்தும் டிஎம்ஆர் குரல் உடைவது ஏன்?

வணக்கம். உங்கள் டிஎம்ஆர் (டிஜிட்டல் வாக்கி-டாக்கி முறை) ரேடியோவில் மாலையில் மட்டும், சிக்னல் பட்டை முழுதாக நிற்கும்போதே குரல் தகரத்துக்குள் பேசுவதுபோல் உடைகிறது என்கிறீர்கள். அந்தப் பட்டையை நம்பாதீர்கள். குறுக்கீட்டின் வலிமையையும் சேர்த்தே அது காட்டும். சாதாரண அனலாக் எஃப்எம்மில் குறுக்கீடு இரைச்சலாகக் காதில் விழும். டிஎம்ஆரில் பிழைதிருத்தக் குறியீடு ஓரளவு வரை அதைச் சுவடில்லாமல் மறைத்துவிடும். எல்லை தாண்டியதும், கெட்டுப்போன துண்டுக்குப் பதிலாக முந்தைய ஒலியையே கோடெக் (டிஜிட்டல் தரவைக் குரலாக மாற்றும் பகுதி) திரும்ப ஒலிக்கும்; அப்புறம் மௌனம். உங்கள் தகரக் குரல் அதுதான்.

கலர் கோடை (ரேடியோவில் அமைக்கும் அடையாள எண்ணை) மாற்றுவதால் பயனில்லை. எந்த சிக்னலை ஏற்பது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும்.

ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) ஓய்ந்திருக்கும்போது அதே அலைவரிசையை எஃப்எம்மில், ஸ்கெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்துவைக்கும் அமைப்பை) திறந்து கேளுங்கள். வழக்கமான இரைச்சலுக்குப் பதில் உறுமலோ ரீங்காரமோ கேட்டால், எல்இடி விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மாலையில் மட்டும் வருவதால், என் சந்தேகம் விளக்குகள் மேல்தான்.