சிறப்பு இல்லத்தை மூடினால் பத்தாம் வகுப்பு என்ன ஆகும்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஒரு வழக்கில், சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனை ஓராண்டு சிறப்பு இல்லத்தில் வைத்திருக்க உத்தரவிட்டது. அங்கிருந்தே பக்கத்துப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். இப்போது இல்லத்தை மூடி, பிள்ளைகளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பப் போவதாக வாய்ப்பேச்சாகச் சொல்கிறார்கள். பொதுத்தேர்வு என்ன ஆகும்? வீட்டுக்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் முதலில் தேர்வைக் காப்பாற்றுங்கள்.

வாய்ப்பேச்சில் பையனை இடம் மாற்ற முடியாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 96-வது பிரிவுப்படி, குழுமம் பரிந்துரைத்து அரசு உத்தரவிட வேண்டும். மாற்றத்தைக் காரணம் காட்டி அவன் இருக்க வேண்டிய காலத்தையும் கூட்ட முடியாது. பரிந்துரை போகும் முன்பே குழுமத்தில் மனு கொடுத்துவிடுங்கள். வழக்கு எண், பள்ளியின் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் மாணவனுக்குள்ள எண்), தேர்வு மாதம் நான்கும் மனுவில் இருக்கட்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.

சிக்கல் பெரும்பாலும் டி.சி.யில்தான் தொடங்கும். பழைய பள்ளி டி.சி. கொடுத்துப் பெயரை அடித்துவிடும். ஆனால் எமிஸில், வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க மறந்துவிடும். புதிய பள்ளியால் சேர்க்க முடியாது. இதற்கிடையே தேர்வெழுதுவோர் பெயர்ப்பட்டியல் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய்விட்டால், எந்தப் பள்ளிப் பட்டியலிலும் அவன் பெயர் இருக்காது. பிறகு தனித்தேர்வராக எழுதலாமே என்பார்கள். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, பட்டியல் போய்விட்டதா என்று கேளுங்கள். போயிருந்தால் தேர்வு முடியும்வரை டி.சி. வாங்கவே வேண்டாம். பெயர் பழைய பள்ளியிலேயே இருக்கட்டும். இடம் மாறினாலும் தேர்வெழுத இங்கே வந்துபோக விடுப்பு தர, இளைஞர் நீதிச் சட்டத்தின் 98-வது பிரிவு குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒரு தடவைக்குப் பொதுவாக ஏழு நாள்தான். பயண நேரம் அதில் சேராது. பத்தாவது தேர்வு ஏழு நாளில் முடியாது என்பதால், கால அட்டவணையை இணைத்து, தேவையான நாட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேளுங்கள். பட்டியல் போகவில்லை என்றால் டி.சி.யும் எமிஸ் விடுவிப்பும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தை மனுவில் காட்டச் சொல்பவர்கள் உண்டு. அது 6 முதல் 14 வயதுவரை, எட்டாம் வகுப்புவரைதான்; உங்கள் மகனுக்குப் பயன்படாது. உங்களுக்கு உதவுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 53-வது பிரிவு. இல்லத்தில் கல்வி தருவது கட்டாயம் என்கிறது அது.

வீட்டுக்கு அனுப்பக் கேட்பது 97-வது பிரிவில். நன்னடத்தை அலுவலர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவரின் அறிக்கை இல்லாமல் மனு நகராது. அவரிடம் வீட்டு முகவரிச் சான்றையும், 'இவனைத் தொடர்ந்து படிக்க வைக்கிறோம்' என்று தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தையும் கொடுங்கள். பாதிக் காலத்துக்கு மேல் கழிந்து, நடத்தையும் நன்றாக இருந்தால், இல்லம் மூடப்படும் இந்த நேரமே கேட்க ஏற்றது. குழுமம் மறுத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இடம் மாறத்தான் வேண்டியிருந்தால், இல்லத்தில் அவனுக்கென்று எழுதிவைத்த தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகலும் மதிப்பெண் பட்டியல்களும் அவனோடு போகட்டும். அறிவியல் ரெக்கார்டு நோட்டை மட்டும் பையனின் பையிலேயே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அலுவலகக் காகிதக் கட்டோடு போனால் செய்முறைத் தேர்வுக்குள் வந்து சேராது.