ஒரே கத்தி, இரண்டு வேலை?

கேள்வி: தினமும் கையோடு வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க உதவ வேண்டும். இரவு வேலை முடிந்து தனியாகத் திரும்புவதால் தற்காப்புக்கும் ஆகட்டும் என்று ஓர் எண்ணம். கடைசியில் இரண்டு கத்திகள் தேறியிருக்கின்றன. ஒன்றின் அலகு 10 செ.மீ.; கட்டைவிரலால் தள்ளினாலே திறக்கும், லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் தகடு அலகைத் தாங்கிப் பூட்டும்), கறுப்புப் பூச்சு, 'டாக்டிக்கல்' என்று விளம்பரம். மற்றதன் அலகு 7 செ.மீ.; நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும், பூட்டு இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை. இதோடு நிறுத்தினால் நீங்கள் முதலாவதைத்தான் வாங்குவீர்கள் என்று தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படி வாங்கியவன்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தற்காப்பு. டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கக் காவல்துறைப் பயிற்சியாளர் 1983-ல் ஒரு கணக்கை எழுதினார். 21 அடி தள்ளி நிற்கும் ஒருவர் ஓடிவந்து நம்மைத் தொட ஒன்றரை நொடி போதும். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கப் பழகிய ஆளுக்கே அந்த நேரம் மட்டுமட்டுதான். உங்கள் கத்தியோ சாவிக்கொத்துக்கும் கைக்குட்டைக்கும் நடுவே மடிந்து கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து, சரியான பக்கம் திருப்பி, கட்டைவிரலை அந்தச் சிறு குமிழில் வைத்துத் தள்ள வேண்டும். பயத்தில் வீட்டுப் பூட்டில் சாவி நுழைக்கவே கை தடுமாறும் நமக்கு!

திறந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கைக்கெட்டும் தூரத்துக்கு எதிராளி வந்தால்தான் கத்தியால் ஏதாவது செய்ய முடியும். அவர் அவ்வளவு நெருங்கக் கூடாது என்பதுதானே நம் கவலையே? பல மடக்குக் கத்திகளில் பிடிக்கும் அலகுக்கும் இடையே சரியான தடுப்பு இருக்காது. ஈரக் கையோடு குத்தினால் கை முன்னால் வழுக்கி, வெட்டுப்படுவது நம் விரல்தான். கத்தி பிடுங்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்.

அப்புறம் சட்டம். இது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் அலகின் கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு (சுமார் 7.6 செ.மீ.) மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியை வைத்திருக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். அதே சின்னக் கத்தியை 'யாராவது தாக்கினால் குத்தத்தான் வைத்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டால், அது அங்கே ஆயுதக் கணக்கில் போய்விடும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. அதாவது, உங்கள் முதல் கத்தியில் விளம்பரம் பெருமையாகச் சொல்லும் அம்சங்களே சட்டத்தின் கண்ணை உறுத்துகின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இரவுப் பயணத்துக்கு நல்ல வெளிச்சம் தரும் கைடார்ச்சும், பின்னை இழுத்தால் அலறும் சிறு அலாரமும் வாங்குங்கள். இரண்டையும் முன்கூட்டியே கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். கத்தியை அப்படிப் பிடித்துக்கொண்டு நடந்துபாருங்கள், அலாரம் அடிப்பது மற்றவர்களாக இருக்கும்.

இனி வேலைக் கத்தியாக மட்டும் பார்ப்போம். பார்சலுக்கும் பழத்துக்கும் 7 செ.மீ. தாராளம். 10 செ.மீ. அலகு பையில் இடிக்கும், கனக்கும். நாலாம் நாள் வீட்டு மேசையில் தங்கிவிடும். அலகின் தடிமனையும் பாருங்கள். முரட்டு வேலைக்கென்று செய்த தடித்த அலகு, பழத்தை நறுக்காமல் பிளக்கும்.

பூட்டு இல்லையே என்ற பயம் நியாயமானதுதான். பூட்டில்லாத கத்தியைத் திறந்த நிலையில் நிறுத்துவது பின்பக்கத்து வில் மட்டுமே. கூர்ப்பக்கத்தை அழுத்தி அறுக்கும்போது அலகு மடங்காது. நுனியால் துளை போட்டாலோ, மாட்டிக்கொண்ட அலகை நெம்பினாலோ விரல் மேல் மடங்கும். அப்படிப்பட்ட வேலை அடிக்கடி உண்டென்றால், உங்கள் ஊரில் சட்டம் அனுமதித்தால், இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றைப் பாருங்கள்: அலகு 7, 8 செ.மீ., பேக் லாக் (பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் பூட்டு), அல்லது பிரான்சின் ஒப்பினெல் கத்திகளில் வருவது போன்ற வளையப் பூட்டு. கழுத்து வளையத்தைக் கையால் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மறந்து திருப்பாமல் விட்டால் பூட்டாது. ஆனால் எளிமையானது, பழுதாக அதில் அதிகம் ஒன்றும் இல்லை.

கேள்வி: கத்தியில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்', '440 ஸ்டெயின்லெஸ்' என்றெல்லாம் போட்டிருக்கிறதே, நம்பலாமா?

பதில்: 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயரில் குறிப்பிட்ட ஒரே எஃகு என்று எதுவும் கிடையாது. 440-ல் ஏ, பி, சி என மூன்று வகை. சி-யில்தான் கார்பன் அதிகம், கூர் நீடிக்கும். எழுத்தைப் போடாமல் வெறும் 440 என்றால் சி இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். டி2 என்ற எஃகு கூரை நன்றாகத் தாங்கும். முழு ஸ்டெயின்லெஸ் அல்ல, ஈரத்தோடு விட்டால் புள்ளி விழும். 12சி27 என்ற எஃகு கூர் தீட்ட எளிது, துருவுக்கும் பயமில்லை. எஸ்30வி போன்றவை உயர்ந்த ரகம், விலையும் அப்படி. மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டி மாளாது.

எஃகின் பெயரைவிட அதைப் பதப்படுத்திய விதம் முக்கியம். எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண் கொடுத்திருந்தால் பாருங்கள். 55, 56 என்றால் சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டலாம். 60-ஐ நெருங்கினால் கூர் நிற்கும். நெம்பினால் நுனி உடையவும் கூடும். சாணை பிடிக்கும் பொறுமை இல்லாதவர்களும் மென்மையான 56-ஐ எடுப்பதே நல்லது என்பது என் கட்சி. தீட்டவே முடியாத உயர்ந்த கத்தியைவிட, மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் தீட்டும் சாதாரணக் கத்தி நன்றாக வெட்டும்.

கேள்வி: கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூடிய கத்தியை மேலிருந்து பாருங்கள், அலகு பிடியின் நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் உரசக் கூடாது. திறந்து, நுனியை லேசாகப் பிடித்து இடம் வலம் அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. லைனர் லாக் என்றால், அந்தத் தகடு அலகின் அடியில் எவ்வளவு ஏறி உட்கார்கிறது என்று கவனியுங்கள். ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக, விரல்களை அலகு மடங்கும் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு முதுகுப் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் நான் வாங்கிய ஒன்று, அட்டைப்பெட்டி கிழிக்கும்போது தகடு நழுவி மடங்கியது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல். விற்றவரிடம் கேட்டதற்கு, 'அட்டையை அழுத்தி அறுக்கக் கூடாது சார்' என்றார்.

கேள்வி: சாவிக்கொத்தில் மாட்டும் சின்னக் கத்தியை விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

பதில்: சில நாடுகளில் மிகச் சிறிய அலகுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நம்ப வேண்டாம். சரக்கில் போடும் பெட்டிக்குள் உறையிட்டு வையுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சாவிக்கொத்தைத் தடவிப் பாருங்கள். பரிசோதனை வரிசையில் நினைவு வந்தால், கத்தியை அங்கேயே விட்டுவிட்டுப் போவதைத் தவிர பெரும்பாலும் வழியிருக்காது.