எதிர்க்கிற நாட்டின் பற்று நோட்டு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மருமகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். சண்டை வரும் என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். ஆனால் இத்தனை பெரிய நாடுகள் வேண்டாம் என்கின்றனவே, அதை நம்பி அங்கேயே இருக்கச் சொல்லலாமா?"

அதை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள்.

உங்கள் ஊர்ச் சந்தையில் ரெண்டு பேர் கைகலப்புக்குப் போனால் முதலில் ஓடிவந்து விலக்குவது டீக்கடைக்காரர்தானே? நல்ல மனசுக்காரர், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதில் ஒருத்தர் பேரில் நோட்டில் நாலாயிரம் ரூபாய் பற்று இருக்கும், ஆள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? "அந்தப் பாக்கியை நான் தர்றேன்" என்று அடிக்க வந்தவன் சொல்லிவிட்டால் மனுஷர் மெதுவாகப் பாய்லர் பக்கம் நகர்ந்துவிடுவார்.

2003இல் அமெரிக்கா இராக் மேல் போர் தொடுக்கும் முன்னால், அதை எதிர்த்த ரஷ்யா நின்ற இடம் ஏறக்குறைய அதுதான். இராக்கிடமிருந்து சோவியத் காலத்துப் பழைய கடனே சுமார் 800 கோடி டாலர் வரவேண்டியிருந்தது. ரஷ்யாவின் லூக்காயில் எண்ணெய் நிறுவனம் 1997இல் இராக்கின் மேற்கு குர்னா எண்ணெய் வயலுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஐ.நா. தடையால் வேலை தொடங்க முடியாமல் காத்திருந்தது. இராக் அதிபர் சதாம் போனால் அந்தக் காகிதம் செல்லுமா என்று லூக்காயில்காரர்கள் அமெரிக்கா பக்கமும் பேசிப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, 2002 டிசம்பரில் இராக்கே அதை ரத்து செய்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்! போரை எதிர்த்த பிரான்சின் டோட்டல் எண்ணெய் நிறுவனமும் இராக்கின் மஜ்னூன் வயலுக்காகப் பல வருஷம் பேசிக்கொண்டிருந்தது, கையெழுத்தாகவில்லை.

எல்லாமே காசு என்றும் சொல்லிவிட முடியாது. துருக்கிக்கு அமெரிக்கா 600 கோடி டாலர் மானியம் காட்டியும், 2003 மார்ச் 1 அன்று அங்கே நாடாளுமன்றத்தில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19 என்று வந்தது; வந்திருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும் என்பதால், மூன்றே ஓட்டில் அமெரிக்கப் படை இறக்கும் அனுமதி விழுந்தது. ஜனங்கள் ஒப்பவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மார்ச் 20 அன்று இராக்கில் குண்டு விழுந்ததே. ஆனால் மூன்று நாள் முன்னாலேயே குவைத் எல்லையிலிருந்த ஐ.நா. பார்வையாளர்கள் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அறிக்கைகளைவிட இப்படி மூட்டை கட்டுகிற சேதிதான் பெரிசு: எந்தத் தூதரகம் குடும்பங்களை ஊருக்கு அனுப்புகிறது, கப்பல்களுக்குப் போர் இன்சூரன்ஸ் எவ்வளவு ஏறுகிறது, இதைக் கவனியுங்கள்.

மருமகன் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வைக்கட்டும், பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால் கேட்டு வாங்கட்டும். அப்புறம் சேமிப்பு. 1990இல் இராக் குவைத்துக்குள் புகுந்தபோது சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக, விமானத்தில் ஊர் திரும்பினார்கள், ஆனால் கட்டிக்கொண்டு வந்த குவைத் தினாரை மாற்றத்தான் அலைய வேண்டியிருந்தது. இந்த மாதச் சம்பளத்தை இப்போதே அனுப்பிவிடச் சொல்லுங்கள்.