திருக்கோணமலையில் வாடகை வீடு: கேளுங்கள், அக்கா சொல்வா

கேள்வி (பாலையூற்று): அக்கா, அரசாங்க உதவிப்பணம் அஸ்வெசும மாதம் 10,000 வருது. அவர் மேசன் வேலை. 16,000 ரூபா வீட்டுக்கு ஒரு வருட முற்பணம் கேட்கினம். காப்பை அடகு வைக்கவோ?

பதில்: வைக்காதீங்கோ. அந்த 10,000 வறியவர் பிரிவுக் கொடுப்பனவு. இதை வாடகைக்கென்று எண்ணினால் உலையிலே போட அரிசி இராது. ஒரு வருட முற்பணம் கொடுத்தால் அடகுக்கடை வட்டியும் உங்கட வாடகைதான், அதையும் கூட்டிப் பாருங்கோ. மூன்று மாதம் தாறன், மிச்சத்தை மாதாமாதம் வங்கியிலே போடுறன் என்று பேசுங்கோ. வங்கிச் சிட்டை பின்னுக்கு உங்களுக்குச் சாட்சி.

கேள்வி (நிலாவெளி): வீட்டுக்கார அண்ணா வெள்ளைத்தாளில் ஒரு வருடத்துக்கு வாடகை என்று எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்தும் வாங்கித் தந்தார். இப்ப சீசன் வருது, வெள்ளைக்காரருக்கு விடப்போறன், ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு எழும்பு என்கிறார்.

பதில்: இதுதான் எங்கட கடற்கரை வீடுகளின்ர வழக்கமான கதை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு எழுதினால்தான் அது சட்டப்படி குத்தகை. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கு. ஆகவே உங்கட தாள் ஒரு வருடத்தைக் காப்பாற்றாது. அதுக்காக ஞாயிறு எழும்பத் தேவையில்லை. மாத வாடகை கட்டிக் குடியிருக்கிற ஆளை முறையாக அறிவித்தல் கொடுத்து, மாட்டேன் என்றால் நீதிமன்றம் போய்த்தான் எழுப்பலாம். பூட்டை மாற்றி, சாமானை வெளியே போட்டால் உடனே பொலிசிலே முறைப்பாடு போடுங்கோ. பலாத்காரமாக வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விசயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை எடுக்கலாம் (1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்கச் சட்டம், 66ஆம் பிரிவில் தொடங்கும் நடைமுறை). இரண்டு மாதம் என்பதை மறக்காதீங்கோ. உறவினர் வீட்டிலே தங்கி யோசிச்சு யோசிச்சே பலர் அதைத் தவற விடுகினம். வழக்கறிஞருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருக்கோணமலை அலுவலகத்துக்குப் போங்கோ.

கேள்வி (உவர்மலை): வாடகை குறைவு, ஆனால் கரண்ட் பில் கழுத்தை அறுக்குது. மேல் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே மீற்றர்.

பதில்: அங்கேதான் காசு ஒழுகுது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் குறைஞ்ச விலை, தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடின விலை. நீங்கள் 45, அவை 50 எரிச்சாலும் மீற்றருக்கு அது 95. தனி மீற்றருக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேணும். வீடு பார்க்கிற அன்றே கேட்கிற கேள்வி இது. குடிபோன பிறகு கேட்டால் முகம் மாறும்.

கேள்வி (டவுன்): கிண்ணியாப் பக்கம் மலிவாம், போகலாமோ தம்பதியாய்?

பதில்: 2009இல் பாலம் திறந்த பிறகு தூரம் பெரிசில்லை. பஸ் காசை இரண்டு பேருக்கும் மாதக் கணக்கிலே போட்டுப் பாருங்கோ. இரவு வேலை என்றால் வேண்டாம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோக்காரருக்கே வாடகை போகும்.

கேள்வி (செல்வநாயகபுரம்): வீட்டுக்காரர் பற்றுச்சீட்டே தாறார் இல்லை.

பதில்: வாடகையை வங்கியில் போட்டு, எந்த மாதத்துக்கு என்று குறிப்பில் எழுதுங்கோ. கணக்கு இலக்கம் தரமாட்டேன் என்றால், சாட்சிக்கு ஓராளை வைச்சுக்கொண்டு கையிலே குடுத்து, அன்றே வாட்ஸ்அப்பிலே "இந்த மாத வாடகை தந்தேன்" என்று அனுப்புங்கோ.