கிடார் ஆம்பை அணைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள்

அன்புள்ள சார்,

ஐந்து பேர் சேர்ந்து ஒரு கிளாசிக் ராக் கவர் பேண்ட் தொடங்கியிருக்கிறோம். பாடகர், கிடார் (நான்), பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். முதல் மேடை நெருங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரம் வாசிக்க வேண்டும். எந்தப் பாட்டுகள் என்பதில்தான் சண்டை. நான் போட்ட பட்டியல் ஸ்டெயர்வே டு ஹெவன், ஹோட்டல் கலிஃபோர்னியா, பொஹீமியன் ராப்ஸடி, பிங்க் ஃப்ளாய்டின் மணி, கம்ஃபர்ட்டப்ளி நம்ப், பிறகு சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங் என்று போகிறது. டிரம்மரோ கிரீடன்ஸ் (கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்) குழுவின் பாட்டு நாலு, ஏசி/டிசி குழுவுடையது இரண்டு போடலாம் என்கிறார். மூன்றே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) முடிகிற பாட்டெல்லாம் எங்கள் தரத்துக்குக் கீழே என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் பிராக்டிஸுக்கு வருவதில்லை.

மக்களுக்குத் தெரிந்த பாட்டா, எங்களுக்குப் பிடித்த பாட்டா, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பிறர் பாட்டையே வாசிப்பது கலைதானா என்ற உறுத்தலும் இருக்கிறது. பாடகருக்கு வரிகள் நிற்பதில்லை, மொபைலைப் பார்த்துப் பாடலாமா? பெயரை வெளியிட வேண்டாம். பேண்டில் எல்லோரும் உங்களை வாசிப்பவர்கள்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் இருக்கும் ஒரே கிடார் நான்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் டிரம்மருக்கு இதற்கு மேல் துப்பு எதற்கு? படிக்கட்டும், நல்லதுதான்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் கிரீடன்ஸ் ஆல்பங்களைத்தான் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1969இல் மட்டும் மூன்று ஆல்பம் போட்டிருக்கிறார்கள். ப்ரவுட் மேரி, பேட் மூன் ரைசிங், ஃபார்ச்சுனேட் சன் எல்லாம் அந்த ஒரே வருடத்துச் சரக்கு. அந்த நேரம் பார்த்து ஒருவர் ‘எங்கள் தரத்துக்குக் கீழே’ என்று எழுதினால் கை சும்மா இருக்குமா?

கலையா என்ற கேள்வியை முதலில் தள்ளிவிடுவோம். பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963இல் வந்தது. அதில் 14 பாட்டு, 6 பிறருடையவை. அதற்கு முன் ஹாம்பர்க் கிளப்களில் விடிய விடிய வாசித்ததும் பெரும்பாலும் பிறர் பாட்டுதான். போதுமா? தெரிந்த பாட்டா பிடித்த பாட்டா என்பதும் வெட்டிச் சண்டை. தெரியாத பாட்டாக இருந்தாலும் காலைத் தாளம் போட வைத்துவிட்டால் ஜனம் மன்னித்துவிடும். தெரிந்த பாட்டைச் சொதப்பினால்தான் மன்னிப்பு கிடையாது, அசல் அவர்களுக்கு மனப்பாடம்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். இதில் பேண்ட் எங்கே இருக்கிறது? ஒரு கிடார்காரர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது இது. ஸ்டெயர்வே எட்டு நிமிடம். அதில் முதல் நாலு நிமிடத்துக்கு மேல் டிரம்ஸே கிடையாது. உங்கள் டிரம்மர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கோபத்தில் இருப்பவரை இப்படி உட்கார வைக்காதீர்கள். ஹோட்டல் கலிஃபோர்னியாவின் கடைசி இரண்டு நிமிடம் ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு சேர்ந்து ஒரே கோட்டில் இறங்கும் இரட்டைக் கிடார். உங்களிடம் இருப்பது ஒன்று. இன்னொன்றைக் கீபோர்டில் ஈடுகட்டிவிடலாம் என்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். பொஹீமியன் ராப்ஸடியின் நடுவில் வரும் ஆப்பராப் பகுதியைக் குவீனே மேடையில் பாடியதில்லை. டேப்பை ஓடவிட்டு உள்ளே போய்விடுவார்கள், ராக் பகுதி வரும்போது திரும்பி வருவார்கள். அவர்கள் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியே விலகிப்போன இடத்தில் உங்கள் பாடகர், அதுவும் வரி மறக்கிறவர், என்ன செய்வார்? ‘மணி’ பாட்டின் தாளம் ஏழு எண்ணிக்கை, கிடார் தனித்து வாசிக்கும் சோலோ வரும்போது நாலுக்கு மாறும். அந்தத் திருப்பத்தில் பேஸும் டிரம்ஸும் ஒரே மூச்சில் திரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். சுல்தான்ஸ் இருக்கட்டும். குரல் பேச்சுக்குப் பக்கத்திலேயே நடக்கிற பாட்டு, யார் தொண்டையும் தாங்கும்.

எனக்குக் கோபம் வந்தது இதனாலெல்லாம் அல்ல. ஐந்து பேரின் கருவிகளையும் எழுதிய நீங்கள், பாடகரின் குரல் எதுவரை ஏறும் என்று ஒரு வரி எழுதவில்லை. அவருக்கு எது எளிதாக வரும், எந்த இடத்தில் பிசிறும், கோரஸில் சேர்ந்து பாட வேறு யாருக்காவது குரல் இருக்கிறதா, ஒன்றும் இல்லை. மேடைக்கு முன்னால் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது குரலையும் டிரம்ஸையும்தான். உங்கள் விரல்களைப் பார்ப்பவர்கள் இன்னொரு பேண்டின் கிடார்காரர்கள்.

நானும் ஒரு காலத்தில் ஒரு பேண்டில் ரிதம் கிடார் வாசித்தவன். எங்கள் டிரம்மர் எங்களைவிட நன்றாக மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். புதிதாக ஒரு பாட்டை யாராவது கொண்டுவந்தால் ஸ்டூலை விட்டு எழுந்து வருவார். என் ஆம்பை, அதாவது கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியை, அணைப்பார். பிறகு லீட் கிடாரின் ஆம்பையும். ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு மெல்ல மங்கும். திரும்பிப் போய் உட்கார்ந்து குச்சியை நாலு தட்டு தட்டி, “ம், இப்பப் பாடு” என்பார். பேஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் கழுத்தில் கிடாரை மாட்டிக்கொண்டு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்க வேண்டும். பாட்டு அப்படியே நின்றால் பட்டியலில் உண்டு. நிற்காவிட்டால் பாதியில் குச்சிகளை மடியில் வைத்துவிடுவார். விவாதம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

என் செல்லப் பாட்டான கம்ஃபர்ட்டப்ளி நம்ப் அப்படித்தான் போனது. “சோலோ ரெண்டையும் எடுத்துட்டா நம்ம பாடகனுக்கு இதுல என்னடா மிச்சம்?” என்று கேட்டார். பாட்டில் என்ன மிச்சம் என்று அவர் கேட்கவில்லை, நம் பாடகனுக்கு என்ன மிச்சம் என்றுதான் கேட்டார். இருந்தாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் அதே சோதனையில் ப்ரவுட் மேரி நின்ற அழகு! கிடாரே இல்லாமல் ‘ரோலிங்’ என்று எங்கள் பாடகன் இழுத்தபோது, சும்மா நின்ற லீட் கிடார்காரனும் நானும் எங்களை அறியாமல் கீழ்க்குரல் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பாட்டை ஐக் டர்னரும் டினா டர்னரும் எடுத்து, மெதுவாக ஆரம்பித்து, நடுவில் வெறிபிடித்த வேகத்துக்கு மாற்றினார்கள். அப்போதும் அது உடையவில்லை. அதன் எலும்பு குரலிலும் நடையிலும் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் தரத்துக்குக் கீழே என்கிறீர்கள்.

மூன்று கார்டு பாட்டு எளிது என்று உங்களுக்கு யார் சொன்னது? கார்டைப் பிடிப்பது எளிது. வாசிப்பது வேறு. ஏசி/டிசியின் பேக் இன் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், 1980. கார்டுகள் இ, டி, ஏ. மூன்றும் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் அந்த ரிஃப்பின், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிடார் துணுக்கின், உயிர் ஒரு கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. அங்கே கம்பி முழுதாக வாயை மூட வேண்டும். டிரம்ஸ் மட்டும் நடந்துகொண்டிருக்கும். இடது விரலை எடுக்கத் தாமதித்து அந்த இடத்தில் ஒரு இரைச்சல் கசிந்தால் பாட்டு தொங்கிவிடும். இடைவெளி தாங்காமல் அடுத்த கார்டுக்கு முந்திக்கொண்டால் டிரம்மர் உங்களை முறைப்பார், சரியாகத்தான் முறைப்பார். ரோலிங் ஸ்டோன்ஸின் ஹாங்கி டாங்க் விமன் பாட்டில் பேஸ் சரணம் முழுக்க வாயே திறக்காது, கோரஸில்தான் வந்து விழும். அந்தக் காத்திருப்புக்கு உங்கள் பேஸ்காரர் தயாரா? டீப் பர்ப்பிளின் ஸ்மோக் ஆன் த வாட்டர் ரிஃப்பை கிடார் வாங்கிய முதல் வாரமே நீங்கள் வாசித்திருப்பீர்கள், அநேகமாகத் தப்பாக. அவர்கள் கிடார்காரர் ரிச்சி பிளாக்மோர் அதை, எல்லோரும் அடிப்பதுபோல, பவர் கார்டில் அடிக்கவில்லை. நாலாம் இடைவெளியில் இரண்டிரண்டு ஸ்வரமாக, பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல், இரண்டு கம்பியையும் விரலால் ஒரே நேரத்தில் பிடுங்குகிறார். அதனால்தான் அந்தக் கறார். நீங்கள் பிளெக்ட்ரத்தால் அடித்தால் இரண்டாவது கம்பி ஒரு மயிரிழை பின்னால் வரும். இன்று போய் இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். தரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

வேகமான சோலோவில் பத்து ஸ்வரம் தவறினாலும் பதினொன்றாவது வந்து மறைத்துவிடும். மூன்று கார்டில் ஒளிய இடமே இல்லை. உங்கள் டிரம்மர் கேட்டது சோம்பேறித்தனத்தில் என்று நினைக்கிறீர்களா? ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறீர்களா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அது தெரியாமல் அவர் எப்படி மேடை ஏறுவார்?

பாடகர் எட்டாத பாட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டையைக் குறையுங்கள். ரெக்கார்டில் இருக்கும் ஸ்ருதியில்தான் வாசிப்பேன் என்று கிடார்காரர்கள் பிடிவாதம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹோட்டல் கலிஃபோர்னியாவே ஃபெல்டர் இ மைனரில் போட்ட மெட்டு, பாடகர் டான் ஹென்லியின் குரலுக்காகத்தான் பி மைனருக்குப் போனது. பாட்டைப் போட்டவரே பாடகருக்காக இடம் மாறியிருக்கிறார், உங்களுக்கு என்ன? திறந்த கம்பியை நம்பிய ரிஃப் என்றால் கார்டுகளை மாற்றாமல் கிடார், பேஸ் எல்லாக் கம்பிகளையும் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். ஹெண்ட்ரிக்ஸ் பல பாட்டுகளை அப்படித்தான் வாசித்தார். கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது.

தொண்டையைக் கிழிக்கும் பாட்டு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் கடைசியில் வையுங்கள். பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தபோது ட்விஸ்ட் அண்ட் ஷவுட்டை அதனால்தான் கடைசிக்கு ஒதுக்கினார்கள். லெனனுக்கு ஜலதோஷம் வேறு. முதல் முறை பாடியதுதான் ரெக்கார்டில் இருக்கிறது. இரண்டாவது முறைக்குக் குரல் இல்லை. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவை முதல் அரை மணி நேரத்திலேயே மூன்று இருக்கின்றன.

மொபைலைப் பார்த்துப் பாடுவது கூடாது. பாடகருக்கு வரி நிற்கவில்லை என்றால் பாட்டு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், குறையுங்கள்.

கூட்டத்தில் யாராவது ஒருவன் ‘ஃப்ரீ பேர்ட்!’ என்று கத்துவான், எங்கும் ஒருவன் இருப்பான். அது லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் பாட்டு, அவர்களிடம் மூன்று கிடார்காரர்கள். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள், வாசித்துக் காட்டுகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். உங்களுக்கு அந்த ஆசை வரும், கடிதத்தின் தோரணையிலேயே தெரிகிறது.

முதல் வேலையாக டிரம்மருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், போன். அவருடைய நாலு கிரீடன்ஸ் பாட்டு எவை என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள். அதில் ஃபார்ச்சுனேட் சன் இல்லையென்றால் அவரிடமும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்