எழுத்தோரச் சிவப்பு, நீலம்: காரணம் வடிகட்டி இல்லாததுதான்

வணக்கம். எழுத்து கூர்மையாகத் தெரிய லினக்ஸில் எல்சிடி ஃபில்டரை, அதாவது எழுத்தோர நிறத்தைத் தணிக்கும் வடிகட்டியை, 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்று வைத்ததாகவும், அதன்பின் ஓரங்களில் நிறம் கசிவதாகவும் எழுதியிருந்தீர்கள். கசிவுக்குக் காரணம் அந்த 'நன்'தான்.

'கா'வின் துணைக்காலை பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு பிக்ஸலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பட்டைகள். கருங்கோடு பச்சையில் தொடங்கினால் இடப்பக்கம் சிவப்பு மட்டும் எரியும். சிவப்போடு முடிந்தால் வலப்பக்கம் பச்சையும் நீலமும் மிஞ்சும். வடிகட்டி ஒவ்வொரு பட்டையின் அளவையும் பக்கத்துப் பட்டைகளுக்குப் பகிர்ந்துவிடும். லினக்ஸில் எழுத்துகளை வரையும் மென்பொருளான ஃப்ரீடைப்பின் 'டீஃபால்ட்' வடிகட்டி ஐந்து பட்டைகளுக்கு 8, 77, 86, 77, 8 என்று, மொத்தம் 256 பங்காகப் பிரிக்கிறது. 'லைட்' மூன்றோடு நிற்கும். அதில் கூர்மையும் கொஞ்சம் கூடும், நிறக்கசிவும் கொஞ்சம் கூடும்.

எழுத்துரு அமைப்புகளைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக்கில் 'எல்சிடிடீஃபால்ட்' (lcddefault) வைத்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். தமிழின் நெருக்கமான வளைவுகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். துளியும் மாறவில்லையா? அப்படியானால் உங்கள் ஃப்ரீடைப், வடிகட்டி இல்லாமலே நிறத்தைச் சமன்செய்யும் ஹார்மனி என்ற முறையில் இயங்கலாம். அங்கே வடிகட்டிக்கு வேலையில்லை. அப்புறம், பட்டை வரிசையையும் பாருங்கள். என் பழைய திரையில் நீலம்தான் முதலில் இருந்தது. அதை மாற்றும்வரை எந்த வடிகட்டியும் உதவவில்லை. திரையைச் செங்குத்தாகத் திருப்பியிருந்தாலும் வரிசை மாறும்.