எந்த டர்ன்டேபிள் வாங்கலாம்? இசைத்தட்டுக் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோவை): வணக்கம் சார். தாத்தா விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. கேட்க ஆசை. எந்த டர்ன்டேபிள் வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது எந்தத் தட்டு என்பதுதான் எந்தக் கருவி வாங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கையில் எடுத்தால் கனம், விரலால் சுண்டினால் பீங்கான் தட்டு மாதிரி ஓசை, அளவு பெரும்பாலும் பத்து அங்குலம், ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்றால் அது 78, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. அரக்கில் செய்தது, கீழே விழுந்தால் சில்லுசில்லாகிவிடும். லேசாக வளைந்து கொடுக்கும் பன்னிரண்டு அங்குலத் தட்டு எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஏழு அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45 சுற்று இ.பி. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் வேகம் அச்சிட்டிருந்தால் சந்தேகமே இல்லை.

பாட்டின் வயதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948இல் எல்.பி.யைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 78 அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. 1960களில் பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே 78 தட்டாக வந்தது, இன்றைக்கு வெளிநாட்டில் அதைத் தேடி அலைகிறார்கள்.

இதில் வேகத்தைவிடப் பெரிய விஷயம் முள். எல்.பி.க்கான முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளம் மிக அகலம், அதற்கு 75 மைக்ரான் பக்கம் வேண்டும். எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கைச் சுரண்டிக்கொண்டு ஓடும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டே போய்விடும்.

அதனால் பெட்டியில் 78 கணிசமாக இருந்தால், மூன்று வேகமும் உள்ள, முள்ளை மாற்றக்கூடிய கருவியாகப் பாருங்கள். ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ் அப்படிப்பட்டது. அதில் வரும் விஎம்95 வகை கார்ட்ரிட்ஜுக்கு (முள் செருகியிருக்கும் சின்னத் தலை) 78க்கென்றே தனி முள் கிடைக்கும், கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (திருச்சி): என்னிடம் எல்.பி. மட்டும்தான், இருபது இருக்கும். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கிறது. போதுமா?

பதில்: அலமாரியில் அழகுக்கு வைக்கப் போதும். அந்த வகையில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஐந்து ஆறு கிராம் பாரத்தோடு முள் தட்டில் இறங்கும், அந்தப் பாரத்தைக் குறைக்கவும் வழி இருக்காது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதிர்வு திரும்ப முள்ளுக்கே வந்து சேரும். ஒருமுறை கேட்டால் தட்டு பாழாகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற ஒன்று வந்துவிடும். அதில் எதையும் சரிசெய்ய வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் முள்ளைத் தாங்கும் கை தானே போய் உட்காரும், தானே திரும்பி வரும். பின்னாளில் மேம்படுத்த முடியாது என்பதுதான் அதன் குறை. இன்னும் மேலே போக முடிந்தால் ரேகா பிளானர் 1, ப்ரோஜெக்ட் டெபு வரிசை.

கேள்வி (பெங்களூரு): பெல்ட் டிரைவா, டைரக்ட் டிரைவா? படிக்கப் படிக்கக் குழப்பம்.

பதில்: நல்ல பெல்ட் மோசமான டைரக்டைவிட மேல், நல்ல டைரக்ட் மோசமான பெல்ட்டைவிட மேல். பெல்ட்டில் மோட்டார் தள்ளி நின்று ரப்பர் பட்டையால் தட்டைச் சுற்றுவதால் அதன் அதிர்வு தட்டுக்கு வருவது குறைவு, ஆனால் ரப்பர் சில வருடத்தில் தளரும். டைரக்டில் நடுவில் பட்டை இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றுவதால் வேகம் உறுதி. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வகைக் கருவிகள் எத்தனையோ டிஜேக்களிடம் அடிபட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2010இல் உற்பத்தியை நிறுத்தினார்கள், ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் 2016இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 78 கேட்பவர்களுக்கு டைரக்ட் வசதி. மற்றவர்கள் இந்தச் சண்டையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சென்னை, மேற்கு மாம்பலம்): அமெரிக்காவிலிருந்து மாமா வரும்போது பழைய டர்ன்டேபிள் ஒன்று கொண்டுவந்தார். 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருக்கிறது. பெல்ட்டையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

பதில்: பெல்ட் பாவம், அதன்மேல் குற்றமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. பழைய கருவிகள் பலவற்றில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார், அது அலைவெண்ணைப் பின்பற்றித்தான் சுற்றும். ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் கிடைக்கும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். கச்சேரி கேட்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்.

சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சரியான வேகம் என்றால் மிகச் சரியாக 100. உங்களுடையது 83 பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

தீர்வு என்ன? மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் புல்லியைப் பாருங்கள். சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாக உண்டு, விட்டம் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்துகொள்ளலாம், ஆனால் நடுத்தண்டு துளி விலகினாலும் பாட்டு ஆடும். பொறுமையான ஆளாகப் பிடியுங்கள். டி.சி. மோட்டார் உள்ளவற்றிலும், குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்துபவற்றிலும் இந்தத் தொல்லை இல்லை. இனி யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றால் முதலில் இதைக் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): புது டர்ன்டேபிள், நல்ல ஆம்ப்ளிஃபயர், ஆனால் சத்தம் மிகக் குறைவு. அடிநாதமே இல்லை, தகர டப்பா மாதிரி கேட்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், நடுவில் ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது. ஃபோனோ பிரீஆம்ப். முள்ளிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகச் சிறியது, நாம் வழக்கமாக வாங்கும் எம்.எம். (நகரும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜில் ஐந்து மில்லிவோல்ட் பக்கம். அதைப் பெரிதாக்க வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போதே அடிநாதத்தைக் குறைத்தும் உச்சஒலியைக் கூட்டியும்தான் பதிப்பார்கள். அடிநாதத்தை அப்படியே பதித்தால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் பாதிகூட அடங்காது. கேட்கும்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர், 1950களின் நடுவிலிருந்து எல்லாரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். உங்கள் ஆம்ப்பின் பின்னால் ‘ஃபோனோ’ என்று ஒரு துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பிரீஆம்ப் தனியாக வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. டர்ன்டேபிளுக்குள்ளேயே பிரீஆம்ப் இருந்ததைக் கவனிக்காமல் ஃபோனோ துளையில் மாட்டி, கர்ணகொடூரமாகக் கேட்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஒரு புத்திசாலியை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

கேள்வி (அதே சேலம் அன்பர்): மாட்டிவிட்டேன், அருமை! ஆனால் பின்னணியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம்.

பதில்: சிவப்பு வெள்ளை ஒயர்களோடு ஒல்லியாக ஒன்று தொங்கும், அதுதான் எர்த். பிரீஆம்ப்பில் ஒரு திருகு இருக்கும், அதில் முடுக்குங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): டர்ன்டேபிளைப் பொருத்துவது பற்றிப் படிப்படியாகச் சொல்வீர்களா அண்ணா? எடை, கோணம் என்று ஏதேதோ சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை தம்பி, ஒரு மணிநேர வேலை. ஆடாத மேசை வேண்டும், ஸ்பீக்கர் வேறு இடத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் சத்தத்தைக் கூட்டும்போது ஊளையிடும். பிறகு கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சுழலும் தட்டின்மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து மட்டம் பாருங்கள். தட்டு சாய்ந்திருந்தால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண்.

அடுத்தது எடை, இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆன்டி ஸ்கேட் என்று எழுதியிருக்கும் திருகை பூச்சியத்தில் வையுங்கள், அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். முள்ளின் மூடியைக் கழற்றிவிட்டு, கையின் பின்னால் இருக்கும் எடைக்கல்லை முன்னும் பின்னும் திருகுங்கள். கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் தராசுக்கோல் போல அந்தரத்தில் நிற்கும் ஓர் இடம் வரும். அங்கே எடைக்கல்லை அசைக்காமல், அதன் எண் வளையத்தை மட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இனி எடைக்கல்லோடு சேர்த்துத் திருகினால் எண் ஏறும். எவ்வளவு என்பதைக் கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொல்லியிருப்பார்: ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், ஏடி-விஎம்95இக்கு 2 கிராம். அந்த எண் வளையத்தை முழுக்க நம்பாமல், முள்ளின் பாரம் பார்க்கவென்றே விற்கும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தராசின் மேற்பரப்பு இசைத்தட்டின் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பிசகும்.

எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். எடை போதாத முள் பள்ளத்தில் உட்காராமல் சுவருக்குச் சுவர் மோதும், அதுதான் தட்டைத் தின்னும். சொன்ன வரம்புக்குள் கொஞ்சம் மேல்பக்கமாகவே வையுங்கள்.

அப்புறம் ஆன்டி ஸ்கேட். தட்டு சுற்றும்போது கை தானாக மையத்தை நோக்கி இழுபடும். அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடிப்பதுதான் இதன் வேலை. எடை எத்தனை வைத்தீர்களோ அதே எண்ணில் வைத்தால் போதும். கோணம் பார்க்க, கோடு போட்ட ஒரு காகித அட்டை வரும். முள்ளை அதிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் வைத்துப் பார்த்து, கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு விளிம்பு கோட்டுக்கு இணையாக வரும்வரை நகர்த்தித் திருகை இறுக்குங்கள். கார்ட்ரிட்ஜ் பொருத்தியே வந்த கருவி என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி (விருதுநகர்): பாட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. முள் தலையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் சரியாகிறது. அப்பாவும் அப்படித்தான் செய்வாராம். தொடரலாமா?

பதில்: அப்பாவின் பிளேயரில் அது பெரிய பாவமில்லை, அந்தக் காலக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் ஏற்கெனவே ஏழெட்டு கிராமில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். இன்றைய இரண்டு கிராம் முள்ளின்மேல் மூன்று நான்கு கிராம் நாணயத்தை வைத்தால் இரண்டரை, மூன்று மடங்கு பாரம். காசை எடுத்து உண்டியலில் போடுங்கள். தட்டைக் கழுவுங்கள், அப்போதும் தாண்டினால் எடையைச் சரிபாருங்கள். அதே இடத்தில் மறுபடி நின்றால் அங்கே கீறல் இருக்கிறது. கீறலுக்கு மருந்து இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): கழுவுவதா? தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு அதில் கரையும், தட்டு கையோடு வந்துவிடும். எல்.பி., 78 இரண்டுக்குமே டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி போதும். பள்ளத்தின் ஓட்டத்திலேயே வட்டமாகத் துடையுங்கள், நடுக் காகிதம் நனையாமல். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. நிழலில் நிறுத்தி வைத்து உலர விடுங்கள். பழைய உறையில் பூஞ்சை அப்படியே இருக்கும், உள்ளுறையைப் புதிதாக மாற்றாமல் திரும்பப் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கேள்வியைக் கேட்பீர்கள். அடுக்கும்போது புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மதியம் கிடந்தால் எல்.பி. அப்பளமாகிவிடும்.

கேள்வி (மதுரை): ஐயா, கணவரின் பிறந்தநாளுக்குப் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் பரிசாகக் கொடுக்க நினைக்கிறேன். அவரிடம் எல்.பி.க்கள் இருக்கின்றன. அதில் ஓடுமா?

பதில்: ஓடும் அம்மா, ஒரே ஒரு தடவை. சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனில் இருப்பது இரும்பு ஊசி, அதன்மேல் நூறு கிராமுக்கு மேல் பாரம். 78 தட்டின் அரக்கில் கல்தூள் கலந்திருக்கும். அது ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவரும், அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி. எல்.பி.யோ மெத்தென்ற பிளாஸ்டிக், உழுதுவிடும். இன்னொன்று, பளபளவென்று புதுப் பித்தளையோடு விற்பவை பல, உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை. அந்தப் பணத்தில் அவருடைய டர்ன்டேபிளுக்கு நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கொடுங்கள், தினமும் உங்களை நினைப்பார்.

கேள்வி (தஞ்சாவூர்): முள்ளை எப்போது மாற்றுவது?

பதில்: வகையைப் பொறுத்து 300 முதல் 1000 மணிநேரம் என்று செய்பவர்களே சொல்கிறார்கள். தினம் ஒரு எல்.பி. கேட்டால் இரண்டு மூன்று வருடத்தில் யோசிக்கலாம். பழையதாக வாங்கிய கருவி என்றால் முதல் தட்டை வைக்கும் முன்பே மாற்றிவிடுங்கள், முந்தையவர் எத்தனை மணி ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி (கோவை, முதலில் கேட்டவர்): சார், திறந்து பார்த்தேன். எல்.பி. நான்குதான், மீதி அறுபதும் 78! நீங்கள் சொன்ன கருவியையே வாங்கி, 78 முள்ளும் மாட்டிவிட்டேன். ஒரு சந்தேகம். ஒரு நாகஸ்வரத் தட்டு, ரொம்பப் பழையது, வேகம் 78இல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் வாசிப்பு ஏனோ அவசரமாக, கீச்சென்று இருக்கிறது.

பதில்: உங்கள் காது சரியாக இருக்கிறது. 78 என்பது பின்னாளில் நிலைத்த எண். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன்னால் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதைத் தாண்டியும் பலவித வேகங்களில் பதித்திருக்கிறார்கள். உங்கள் கருவியின் வலது ஓரத்தில் மேலும் கீழும் நகரும் பிட்ச் பொத்தான் ஒன்று இருக்கும். அதை வேகம் குறையும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே கேளுங்கள். வீட்டில் பாட்டுத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். “இதுதான், நிறுத்து” என்று அவர் சொல்கிற இடத்தைப் பென்சிலால் உறையின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்.